பதினொரு மில்லிமீட்டர்

“அது எங்கம்மா படம். எடுத்துட்டுப் போறதுக்கு உங்ககிட்ட மனு எழுதிப் போடணுமா மாமா?”

“படத்தைத் தொடாதே. வேற எது வேணும்னாலும் எடுத்துக்கோ. ஃப்ரிட்ஜை எடுத்துக்கோ. சோபாவைத் தூக்கிட்டுப் போ.”

“சோபாவா என்னைப் பெத்துச்சு?”

மழைக்காக எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தும் இது மூன்று வீடு தள்ளிக் கேட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் சண்டை என்றால் தெருவுக்குத் தெரியும், விஷயம் மாமியார் படம்தான், கேட்டு வந்தவன் மச்சினன். மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் அந்த அம்மாள் வந்தால் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். செத்தபிறகு என்ன பாசமோ, ஹாலின் நட்டநடுச் சுவரில் படத்தை மாட்டி, ஆறு வருடமாக ஒருவரையும் கிட்டே விடவில்லை. துடைப்பது அவர்தான். வெள்ளையடிக்க வந்தவர்களைக்கூட அந்தச் சுவரை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அடிக்கச் சொன்னார். மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அளந்து பார்த்ததிலிருந்து அந்தச் சுவரை விட்டு நகராமல் இருந்தார்.

கடையில் ஒரு குட்டி ஸ்கேல் வைத்திருப்பார். வாடிக்கையாளரின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கிற ஸ்கேல். தினமும் விடிந்ததும், மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, சுவரிலிருந்து ஆணி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அதில் அளப்பார். பதினொன்று. ஆறு வருடமாகப் பதினொன்று.

இன்று பதினான்கு.

யாரும் இழுக்கவில்லை. யாரும் தொடவில்லை. மூன்று மில்லிமீட்டர் தானாக வெளியே வந்திருந்தது, உள்ளே இருப்பது மெதுவாகத் தள்ளியது போல. சுவரில் காதை வைத்தார். தூங்குகிறவன் பல்லிடுக்கில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். உடனே அறையெங்கும் மல்லிகை வாசனை ஸ்பிரேயை அடித்தார். மல்லிகைக்கு அடியில், அழுகிய முட்டை நாற்றம் மெலிதாகப் படுத்திருந்தது.

வீடு கட்டும்போதே பைப்காரர் தலைதலையாக அடித்துக்கொண்டார். “கேஸ் குழாயைச் சுவருக்கு வெளியே விடுங்க சார். மஞ்சள் பெயின்ட் அடிச்சா குழாய் எங்க போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும்.”

“என் ஹால்ல மஞ்சக் குழாயா? இது என்ன ஆஸ்பத்திரியா?”

குழாய் சுவருக்குள் போனது. பூசுவதற்கு முன் பைப்காரர் அளவு டேப்பை வைத்துப் படம் பிடித்து அனுப்பினார். அது ஒரு பழைய போனோடு தொலைந்தது. அடுக்களையில் இருந்த, கேஸை நிறுத்துகிற வால்வும் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று, அதன் மேலே பலகை அடித்து நான்கு திருகாணியால் முடுக்கி, முன்னால் கண்ணாடிக் குவளைகளை அடுக்கினார்கள். வந்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். நாங்களும்தான்.

பிறகு ஒரு மத்தியானம், மாமியார் படத்துக்கு ஆணி அடித்தார். மூன்றாவது அடியில் ஆணி எதையோ துளைத்துக்கொண்டு வழுக்கி இறங்கியது. ஸ்ஸ் என்று ஒரு சீறல். பதறிப்போய் நான்காவது அடி. சீறல் நின்றது.

“என்னங்க சத்தம்?” என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

“ஒண்ணுமில்ல. பல்லி.”

துளைத்த ஆணியே துளைக்கு அடைப்பாகிவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பைப்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த ஆள் வாசலில் நின்று, ‘நான் அப்பவே சொன்னேனே சார்’ என்று ஒரு பார்வை பார்ப்பாரே, அதைத்தான் அவரால் தாங்க முடியாது. படத்தின் கம்பியை ஆணியைச் சுற்றி ஏழு சுற்று முறுக்கிவிட்டார். படத்தைக் கழற்ற வேண்டுமென்றால் இனி ஆணியைப் பிடுங்கியாக வேண்டும். அதனால் யாரும் கழற்ற மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

மச்சினன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவன். இவர் பயந்ததை அவன் திமிர் என்று நினைத்தான்.

“புது வீட்டுல அம்மா படம் இல்லாம நான் காலே வைக்க மாட்டேன். அக்கா, அந்தச் சுத்தியலக் கொண்டா.”

“கொண்டு வராதே,” என்றார் அவர்.

அவள் கொண்டுவந்தாள். “ஒரு படத்துக்கு எதுக்குங்க இந்த ஆட்டம் ஆடறீங்க? அவனும் அம்மாவுக்குப் பொறந்தவன்தானே?”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். இப்போது விடுதியில் படிக்கிற மகளை அந்தச் சுவரோரம் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆறு வருடம். இதை எப்படித் தொடங்குவது?

மச்சினன் நாற்காலியில் ஏறிச் சுத்தியலின் பிளந்த பக்கத்தை ஆணித்தலைக்குக் கீழே செருகினான்.

அவர் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். இருவரும் நாற்காலியோடு விழுந்தார்கள். மச்சினனின் வாய் மேசை விளிம்பில் மோதியது. ஒரு பல் தரையில் உருண்டு ஓடியது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவர் அவன் முடியைக் கொத்தாகப் பிடித்து மறுபடி மோதினார். மறுபடி. வாழ்நாளில் கொசுவைத் தவிர எதையும் அடித்திராத கை. ரத்தம் சட்டைக்கையில் சூடாக ஏறியது. மனைவி முதுகில் குத்திக் குத்தி அலறினாள். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அடிப்பது சுலபமாக இருந்தது.

கீழே கிடந்தபடியே மச்சினன் சுத்தியலை வீசினான். முழங்காலில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. சுருண்டார்.

மச்சினன் ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி நாற்காலியில் ஏறினான். ஒரே நெம்பு. ஆணியும், அதோடு கையகலப் பூச்சும் பெயர்ந்து வந்தன. படத்தை அணைத்துக்கொண்டான்.

“வெச்சுக்கோங்க உங்க சுவர,” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

ஸ்ஸ்ஸ்ஸ்.

செப்புக் குழாய் எலும்பு மாதிரித் தெரிந்தது. நடுவில் ஒரு துளை.

ஒற்றைக் காலில் சுவரைப் பற்றி எழுந்தார். கையை உயரே நீட்டி, கட்டைவிரலால் துளையை அழுத்தினார். சீறல் அடங்கியது. விரல்நுனியில் குளிர்ச்சியாக, உயிருள்ளது போல, அது தள்ளிக்கொண்டே இருந்தது.

துளை அடைபட்டது. ஆனால் ராத்திரியிலிருந்து கசிந்தது எங்கே போயிருக்கும்? அலமாரிக்குள். மேற்கூரைக்கடியில். சாத்திய ஜன்னல்களுக்குள். மல்லிகை வாசனை செத்துப்போயிருந்தது. முட்டை நாற்றம் மட்டும். கண் எரிந்தது.

“ஜன்னலத் திற,” என்றார். “குவளைங்களுக்குப் பின்னாடி பலகை இருக்கு. திருகாணியக் கழட்டு. வால்வை மூடு. சீக்கிரம்.”

மனைவி அசையவில்லை. தம்பியின் பல்லைக் கையில் வைத்திருந்தாள்.

“என்ன நாத்தம் இது?”

“கேஸ். நான்தான். ஆணி அடிக்கும்போது. சொல்றேன். முதல்ல ஜன்னல்.”

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். நாற்றம் என்றால் எந்த வீட்டிலும் யாரும் செய்கிற காரியம்தான். புகை இழுக்கிற ஃபேன். சுவிட்ச் அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. கை எழுந்தது.

“தொடாதே.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சட்டையெல்லாம் தம்பியின் ரத்தத்தோடு, சுவரில் கை வைத்து நிற்கிற மனிதரை.

விரலை எடுத்தால் சீறும். எடுக்காவிட்டால் அவளை எட்ட முடியாது.

“தொடாதே. கெஞ்சிக் கேக்கறேன். தொடாதே.”

“ஆறு வருஷமா இதையேதான சொல்றீங்க,” என்றாள் அவள்.

கை.

சுவிட்ச்.

முதலில் நீலம்.

எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாக வந்து விழுந்தன. தீயணைக்க வந்தவர்களுக்கு வால்வு எங்கே என்று தெரியவில்லை, யாருக்குமே தெரியாது. விடியும்வரை அந்த ஒரு சுவர் மட்டும் நின்றது, நடுவில் ஒரு சின்ன நீலச் சுடரோடு, மழையில்.

மனைவி பிழைத்தாள். இப்போது தம்பியின் புது வீட்டு மாடியில் இருக்கிறாள். விளக்குப் போட ஆள் வரும்வரை இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாளாம். அம்மா படம் அங்கே நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படித்த மகள் அடுத்த வருடமே கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். அவள் ஹாலில் மஞ்சள் குழாய் ஊர்வலம் மாதிரிப் போகிறது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள். பைப்காரரும் ஊரை விட்டுப் போனார்.

கடைசியாகக் காலி செய்தது எதிர்வீட்டுக்காரர்கள். வாடகைக்காக இல்லை. அவர்களுடைய அடுக்களை ஜன்னலைத் திறந்தால் நேரே அந்தச் சுவர்தான். கரியாய்க் கிடக்கிற சுவரின் நடுவே ஓர் ஆள் உயரத்துக்குக் கரி படியாமல் வெள்ளையாக இருக்கிறது. ஒற்றைக் கால். உயர்ந்த கை. கையின் நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டம், அதன் நடுவில் துளை. அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் அந்தக் கை இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் எதிர்வீட்டு அம்மாள் வண்டி ஏறினாள்.