கறுப்பு ஒயர்

ஆறே முக்காலுக்குப் போன் அதிர்ந்தபோது அவள் பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரே ஒரு சொல்: கை. ஈரக்கையை நைட்டியில் துடைத்தபடியே முன்னறைக்கு ஓடினாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் போர்வைக்குள் இருந்தன.

மதியத்திலிருந்து இது ஏழாவது தடவை.

"சனியனே," என்றாள், கட்டிலருகே ஸ்டூலின் மேல் கிடந்த போர்டைப் பார்த்து.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய போர்டு. பள்ளியில் கணினிப் பாடத்துக்காக மகளுக்குக் கொடுத்தது. விடுதிக்குப் போகும்போது அலமாரியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். முன்பக்கம் இருபத்தைந்து சிவப்புப் புள்ளி விளக்குகள், இரண்டு பொத்தான்கள், கீழ்விளிம்பில் முதலைவாய்க் கிளிப்புகளை மாட்ட ஐந்து ஓட்டைகள். பிளாஸ்டிக் உறை போட்ட கட்டில் கம்பியில் ஓர் அங்குல இடைவெளி விட்டு இரண்டு அலுமினியத் தாள் பட்டைகளைச் சுற்றி, ஒன்றிலிருந்து சிவப்பு ஒயரும் மற்றதிலிருந்து கறுப்பு ஒயரும் போர்டுக்கு இழுத்திருந்தாள். கம்பியைப் பிடிக்காமல் அம்மாவால் எழுந்திருக்க முடியாது. முழங்கால் இரண்டும் போய் வருஷக்கணக்காகிறது. அம்மாவின் உள்ளங்கை பட்டைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்த கணம் போர்டு ப்ளூடூத்தில் போனுக்குச் சொல்லிவிடும். அவ்வளவுதான். காலையில் அழகாக வேலை செய்தது. மதியம் பேட்டரி மாற்றக் கிளிப்புகளைக் கழற்றி மாட்டினாள், பிடித்தது பீடை.

அவளே கம்பியைப் பிடித்துச் சோதித்தால் போன் சும்மா இருந்தது. யாரும் பிடிக்காதபோது அலறியது.

மறுபடியும் முதலிலிருந்து. போனில் போர்டின் பெயரை அழித்தாள். இரண்டு பொத்தான்களையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருக்கும் பொடிப் பொத்தானை மூன்றாவது கை இல்லாத குறைக்கு நகத்தால் தட்டினாள். போனில் போட வேண்டிய ஆறு எண்கள் ஒவ்வொன்றாக விளக்குகளில் வந்து போயின. கண்ணாடி சமையலறையில். அது ஆறா, எட்டா? எட்டு என்று போட்டாள். இணைக்க முடியவில்லை என்றது போன். கண்ணாடியை எடுத்து வந்தாள். இன்னொரு முறை. இணைந்தது, ஆனால் கோளாறு அப்படியே இருந்தது. பகல் நர்ஸ் ஆறு மணிக்கே போய்விட்டாள். காலை எட்டு வரை இந்தப் பொம்மைதான் காவல்.

பூட்டிவைத்துப் பார்க்காமலில்லை. முன்னறைக் கதவைத் திறந்தால் நேரே வாசல், வாசலைத் தாண்டினால் சாலை. பூட்டிய அன்று அம்மா நெற்றியால் கதவை இடித்துக்கொண்டே நின்றாள். நாலு தையல். பூட்டாத அன்று லாரிகள் போகும் சாலையின் நடுவில் நின்றாள். இன்னொரு தடவை வெளியே போனால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவதாகத் தம்பி சொல்லிவிட்டான். அவள் ஒருமுறை அந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதன்பின் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மின்சாதனங்களோடு பிழைப்பவன்.

"சின்னப் பிள்ளைங்க லைட் எரிய விட்டு விளையாடுற சாமானை வெச்சு அம்மாவைக் காவல் காக்குறியாக்கா?"

"உன் மேதாவித்தனத்தை நேர்ல வந்து காட்டேன். போன்ல எல்லாரும்தான் பேசுவாங்க."

"சரி, கோச்சுக்காதே. கறுப்பு ஒயர் போர்டுல மாட்டியிருக்கா?"

"மாட்டியிருக்கு."

"அந்த ஒயரைக் கையில பிடிச்சுக்கிட்டே போ. எங்க முடியுதுன்னு பாரு."

குனிந்து ஒயரை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். அது கட்டிலுக்குப் போகவில்லை. கட்டிலுக்கடியில் நுழைந்து, சுவரோரமாக ஓடி, கதவின் இரும்புக் கைப்பிடியில் ஏறி நின்றது. நேற்று கைப்பிடியில் பட்டை சுற்றிப் பார்த்து, சரிவராமல் விட்ட ஒயர். மதியம் இரண்டு கறுப்பில் தப்பான கறுப்பை எடுத்து மாட்டியிருக்கிறாள். சரியான ஒயர் ஸ்டூலுக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"கதவுக்குப் போகுதுடா."

தம்பி சிரித்தான். "அதான் பாத்தேன். அப்போ ஒரு கை கட்டில்ல, ஒரு கை கதவுல இருந்தாத்தான் மெசேஜ் வரும். நடுவுல எத்தனை அடி?"

"எட்டு இருக்கும்."

"அவ்ளோ நீளக் கை நம்ம பரம்பரையிலேயே யாருக்கும் கிடையாது. ஸ்கூல்ல பிள்ளைங்களைக் கை கோத்து நிக்க வெச்சு செய்வாங்களே, அந்த மாதிரி நாலு பேர் வரிசையா நின்னாத்தான் உண்டு. தரை ஈரமா இருக்கும், இல்லேன்னா ஒயர் எங்கியாவது உரசும். மாத்தி மாட்டிட்டு நிம்மதியாத் தூங்கு."

காதோடு வைத்திருந்த போன் அதிர்ந்தது.

அவள் திரும்பினாள். அம்மாவின் இடது கை எப்போது போர்வையை விட்டு வந்ததோ, கம்பியைப் பிடித்திருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டு காற்றில் நின்றது. உள்ளங்கை குவிந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. அங்கிருந்து கதவு வரைக்கும் ஒன்றுமில்லை. மருந்து வாசனையும், மஞ்சள் விளக்கின் வெளிச்சமும், வெறும் தரையும். போர்டின் இருபத்தைந்து புள்ளிகளும் எரிந்தன.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன். மாத்திடறேன்."

போனை வைத்துவிட்டு, அம்மாவின் இரண்டு கைகளையும் போர்வைக்குள் வைத்தாள். வலது உள்ளங்கை சில்லென்று இருந்தது. குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஒயரை நுனியிலிருந்து நுனிவரை தடவினாள். எங்கும் உரசவில்லை. ஆனாலும் ஈரம் என்றே வைத்துக்கொண்டாள். அவள் சுபாவமே அது. அடைத்த குழாய், தையல் விட்ட பை, வீட்டுக்கு வராத கணவன் என்று எதிலும் ஏன் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்ததில்லை. கையில் எதையாவது எடுத்துச் சரிசெய்யத் தொடங்கிவிடுவாள். சரிசெய்துகொண்டிருக்கும்வரை எதையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கதவுக் கறுப்பைப் பிடுங்கிச் சுருட்டி மூலையில் எறிந்தாள். கட்டில் கறுப்பைப் போர்டில் கடிக்க வைத்தாள். கம்பியைப் பிடித்தாள். போன் அதிர்ந்தது. விட்டாள். நின்றது. பிடித்தாள். அதிர்ந்தது. அரை நாளாகத் தண்ணி காட்டிய சனியன் கடைசியில் வழிக்கு வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் அழுகையும்.

சமையலறையில் உட்கார்ந்து, மத்தியானத்திலிருந்து தள்ளிப்போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டாள். போன் தட்டின் பக்கத்திலேயே இருந்தது. ஏழரை. ஏழே முக்கால். குளிர்சாதனப் பெட்டி முனகி ஓய்ந்தது. போன் வாய் திறக்கவில்லை. ப்ளூடூத் இணைப்பில்தான் இருந்தது, இரண்டு முறை பார்த்தாள். நல்ல அமைதி. எட்டுத் தடவை கூப்பிட்ட போர்டு இப்போது ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

கவளம் பாதியில் நின்றது.

இப்போது கம்பியைப் பிடித்தால் மட்டும்தான் அது சொல்லும்.

கம்பியைப் பிடிக்காமல் எழுந்தால்?

முடியாது. முழங்கால். யாராவது தூக்கிவிட்டால் ஒழிய.

காலில் குளிர்ந்த காற்று பட்டது. முன்னறைப் பக்கமிருந்து. கதவு திறந்திருந்தால் மட்டும் வரும் காற்று.

தட்டு கவிழ்ந்தது. ஓடினாள்.

கட்டில் காலி. போர்வை ஒழுங்காக, இரண்டு பக்கமும் ஒரே அளவில், மடித்து விலக்கப்பட்டிருந்தது. அம்மாவுக்கு மடிக்கத் தெரியாது, மறந்துவிட்டாள். பட்டைகள் கசங்கவில்லை. போர்டு இருட்டாக இருந்தது. எந்தக் குறையும் இல்லாமல்.

கதவு விரியத் திறந்திருந்தது.

"அம்மா!"

வாசலில் இல்லை. வெளிக்கதவருகே இல்லை. சாலையில், இரண்டாவது விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். வேகமாக. சுவரைப் பிடிக்காமல் மூன்று எட்டு வைக்க முடியாதவள். இரண்டு கைகளும் இரு பக்கமும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தன, பெரியவர்கள் இருவருக்கு நடுவே நடக்கும் குழந்தையின் கைகளைப்போல. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

அவள் கத்தினாள். அம்மா திரும்பிப் பார்க்க முயன்றாள். தலை பாதி திரும்பியது. கைகள் இறங்கவில்லை.

அடுத்த கம்பத்துக்கு முன்னால் சாலையில் ஒரு பள்ளம், தண்ணீர் தேங்கி நின்றது. அதன் ஓரம் வந்ததும் அம்மாவின் கால்கள் இரண்டும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பின. பள்ளத்தின் மேல் ஆடின. மறுபக்கம் போன பிறகும் கீழே இறங்கவில்லை.