சுஜய் கையை எடுத்த இடம்

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் இருகூர் மைதானத்தில் ஆறு மாதிரி விமானங்கள் பறக்கும். அதில் இரண்டை இறந்தவர்கள் ஓட்டுவார்கள். இதற்கெல்லாம் இப்போது யாரும் வாயைப் பிளப்பதில்லை. ரிமோட்டின் குச்சிகளை அசைக்கும் விரல்களின் பழக்கம் 'கைத்தடம்' என்று பதிவாகிவிடுகிறது. ஆள் போனாலும் அந்தக் கை அதே கோணல்மாணலோடு ஓட்டும். என் நண்பன் சுஜய் போய் ஓராண்டாகிறது. ஒரு ஞாயிறு விடாமல் அவனோடு பறந்தேன். ஆளில்லாத ரிமோட்டைப் பார்த்து "டேய், குறுக்கே வராதடா" என்று திட்டவும் செய்தேன்.

ஓராண்டுதான் சட்டம் தரும் அவகாசம். செத்தவர்களே வானத்தை அடைத்துக்கொண்டால் இருப்பவன் எங்கே பறப்பது? கடைசி நாளில் குடும்பத்தார் ஒரே ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அது மட்டும் நிலைக்கும், மற்றதெல்லாம் அழிந்துபோகும்.

அந்தக் கடைசி நாளில் அவன் மனைவி ஹர்ஷினி கைத்தடப் பதிவாளரோடு மைதானத்துக்கு வந்தாள்.

"முடிவு பண்ணிட்டேனுங்ண்ணா. அவரு வண்டிய எறக்குறதுதான். பூ மாதிரி எறக்குவாருல்லீங்க, அதே இருக்கட்டும்."

கடைசி நான்கு ஆண்டு அவனுக்குக் கை நடுக்கம். புதியவர்களைப் பழக்க இரண்டு ரிமோட்டுகளை இணைக்கும் வசதி உண்டு. பொத்தானை அழுத்தினால் விமானம் பழக்குபவர் கைக்கு வந்துவிடும். அவனுக்குச் சொல்லாமலே அவன் ரிமோட்டை என்னுடையதோடு இணைத்திருந்தேன். இறக்கும்போது மட்டும் அழுத்துவேன். இறங்கியதும், "பாத்தியாடா!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். அவன் போன பிறகும் இறக்கும்போது அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.

சொன்னால் அவள் மனம் உடையும். சொல்லாவிட்டால் அவன் பெயரில் என் கை நிலைத்துவிடும், அவன் மிச்சமில்லாமல் போய்விடுவான். சொல்லிவிட்டேன்.

"அம்மிணி, எறக்குனது அவன் இல்ல. நான்."

பதிவாளர் பதிவைத் திறந்து பார்த்தார். "இவர் சொல்றது சரிதானுங்க. ஆனா இவர் பொத்தான அழுத்துறதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடியே அவர் குச்சியிலிருந்து கைய எடுத்துட்டாரு. ஒவ்வொரு தடவையும்."

அப்படியானால் அவனுக்குத் தெரியுமா? அந்தக் காலர்? யார் யாரை ஏமாற்றினோம்?

"கைய எடுத்தது அவருதானுங்களே?" என்றாள் ஹர்ஷினி.

"ஆமாங்க."

"அப்ப அது வரைக்கும் வெச்சுருங்க."

"இவர் கைய நீக்கிருவேனுங்க. உயிரோட இருக்கறவங்க கைய சேமிக்கக் கூடாது. பதிவு அந்தரத்துல நிக்கும், பரவாயில்லீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு மஞ்சள் விமானம் வேலியைத் தாண்டி வந்தது. சுஜய் கையை எடுத்தான். மூக்கு தாழ்ந்தது. பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, ஒருவேளை அவனே பிடிப்பானோ என்று பைத்தியக்காரன் மாதிரி காத்திருந்தேன். அவன் பிடிக்கவில்லை. ஓராண்டு கழித்து, அப்போதுதான் அவன் செத்துப்போனது எனக்கு உறைத்தது. பொத்தானை அழுத்தினேன்.