ஊசிக்கு அசையாத கை

காலை 6.20. வீட்டோடு சேர்ந்த சலவைக்கூடத்தின் அலசும் தொட்டிக்குள் தலை கவிழ்ந்து கிடந்தான் முதலாளி. மூழ்கிச் சாகவில்லை. யாரோ பின்னாலிருந்து கழுத்தை நெரித்து, குரல்வளையை நொறுக்கிவிட்டுத்தான் உள்ளே தள்ளியிருந்தார்கள். தொண்டையின் இரு பக்கமும் நான்கு நான்கு விரல் தடம், பிடரியில் இரண்டு கட்டைவிரல். கணக்கே வராதவன்கூடப் பத்து என்று சொல்லிவிடுவான்.

மனைவி அலறிக்கொண்டு வந்து திறக்கும் வரை வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வீட்டில் இருந்ததே மூன்று பெரியவர்கள். ஒருவன் செத்தாயிற்று. மீதி அவன் மனைவியும் தம்பியும்.

தம்பிக்கு வலது கை விளங்காது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், குடிபோதையில் அண்ணன் உடைந்த பாட்டிலால் முழங்கைக்குக் கீழே இழுத்த இழுப்பில் நரம்புகள் அறுந்துபோயின. ஆக, பழி மனைவி மேல். போதாததற்கு முந்தின நாள் புருஷன் பெல்ட்டால் விளாசியபோது, "நீ என் கையாலதான்டா சாவே" என்று அவள் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. கான்ஸ்டபிள் விலங்கைக் கையில் எடுத்துவிட்டார். அவள் மடியில் பால்குடி மறவாத பெண் குழந்தை.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குச் செத்தவன் மேல் ஒரு சொட்டு இரக்கம் வரவில்லை. ஆனால் அவசரமும் அவருக்குப் பிடிக்காது.

"நீ கொன்னியாம்மா?"

"இல்லைங்க. செத்துத் தொலைஞ்சா நல்லாருக்கும்னு நெனச்சிருக்கேன். பொய் சொல்லலை."

"அப்ப உன் கொழுந்தனா?"

"அவனா? சட்டைப் பொத்தானையே நான்தாங்க போட்டு விடுறேன். பாவம், அவனை இதுல இழுக்காதீங்க."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் புண்ணியவதி.

கொழுந்தன் சமையலறையில் இருந்தான். இவ்வளவு ரகளையிலும் வைத்தியத்தை விடவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர் தினமும் வைக்கச் சொன்னாரு மேடம். விடிஞ்சதுலேர்ந்து இங்கதான் இருக்கேன்."

"வெளிய எடு."

எடுத்தான். வலது முன்கை மெலிந்து, நீளத் தழும்போடு தொங்கியது. ஊறிய விரல்களெல்லாம் நுனியில் சுருங்கிப்போயிருந்தன. துடைத்துக்கொள்ளக் கான்ஸ்டபிள் துண்டை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு குண்டூசியை அவன் வலது ஆள்காட்டி விரலில் எலும்பு முட்டும் வரை இறக்கினார். ரத்தம் கொப்பளித்தது. இமைகூட ஆடவில்லை.

"குத்துனீங்களா மேடம்?" என்று கேட்டான்.

கான்ஸ்டபிள் துண்டை அந்த விரலில் சுற்றினார். "செத்த கை மேடம். அந்தப் பொம்பளையக் கூட்டிட்டுக் கெளம்பலாம்."

இன்ஸ்பெக்டர் வாசலுக்குப் போய், அந்தக் கையைத் தைத்த டாக்டரைப் போனில் பிடித்தார்.

"அறுந்த நரம்பு திரும்ப வருமா டாக்டர்?"

"நல்லாத் தைச்சா வரும். வெட்டுக்குக் கீழ உள்ள இழை செத்துடும். அதோட உறை மட்டும் காலிக் குழாயா நிக்கும். மேலேர்ந்து புது இழை துளிர்த்து அதுக்குள்ள ஊர்ந்து வரும், நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் மாதிரி. அந்தப் பையன்தான் ஆறு மாசமா எட்டியே பாக்கலையே."

"வந்துடுச்சான்னு அவன் வாயைக் கேக்காம கண்டுபிடிக்க முடியுமா?"

டாக்டர் சொன்னார். இன்ஸ்பெக்டர் விடுவிடென்று சமையலறைக்குத் திரும்பினார்.

"நெஞ்சழுத்தக்காரன்தான் தம்பி நீ. வலியைப் பல்லைக் கடிச்சு மறைச்சுட்டே. ஆனா தண்ணில ஊறினா விரல் சுருங்குதே, அது உன் பேச்சைக் கேக்காது. நரம்பு சொன்னாத்தான் தோல் சுருங்கும். நரம்பு செத்த விரல் நாள் பூரா தண்ணில கெடந்தாலும் வழவழன்னுதான் இருக்கும். உனக்குப் பத்தும் சுருங்கியிருந்துச்சு. குளிச்சா எல்லாருக்கும் ஆகறதுதானேன்னு நீயும் விட்டுட்டே, நானும் விட்டுட்டேன்."

'விளங்காத' வலது கை வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கி இன்ஸ்பெக்டர் முகத்தை நோக்கி வீசியது. அவர் விலகினார். கான்ஸ்டபிளின் தடி அவன் தோளில் இறங்கியது. தரையில் விழுந்தவன் சிரித்தான்.

"என் கையை அறுத்தான். விரல் ஒவ்வொண்ணா உயிர் வந்தப்பல்லாம் நான் யார்கிட்டயும் சொல்லலை. முழுசா வந்த கைக்கு நான் குடுத்த முதல் வேலை அவன் கழுத்துதான்."

"சரி, உன் அண்ணி என்ன பாவம் பண்ணினா?"

"யாராவது ஒருத்தர் மாட்டித்தானே ஆகணும் மேடம்."

அண்ணி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தாள். கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்தாள். விலங்கு மாட்டிய அந்த வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை வாய்க்குள் வைத்து, பல் எலும்பில் பதியும்வரை கடித்தாள். யாரும் தடுக்கவில்லை. அவன் வீடு அதிர அலறினான்.

வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வலிக்குதா?"

"வலிக்குது அண்ணி," என்று அழுதான்.