ஃப்ராவ் பியெரியின் ஐந்து வரிகள்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.10.

சுவிஸின் துன் நகரில், ரயில் பாதையை ஒட்டிய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், தபால் உறைக்குள் வைப்பதற்காக ஜெனனி படிவத்தை எடுத்தாள். எழுத்தைக் காணவில்லை.

படிவம் இருந்தது. அச்சிட்ட கோடுகள் இருந்தன. பல் மருத்துவ நிலையத்தின் நீல முத்திரையும் இருந்தது. அங்கே பல் சுத்தம் செய்யும் ஃப்ராவ் பியெரி நேற்றுக் கைப்பட எழுதிய ஐந்து வரிகளும் கையெழுத்தும் மட்டும் இல்லை.

ஜெனனி அழவில்லை. கதிரையில் போய் இருந்தாள். அழுதது தாய் கோசலா. பல்கனிக் கதவு திறந்திருந்தபடியால் கட்டடம் முழுவதற்குமாகச் சேர்த்தே அழுதாள்.

விஷயம் இதுதான். ஜெனனி பல் மருத்துவ உதவியாளர். மூன்று வருடமாக டொக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாய் பிடிக்கிறாள். பேர்னில் பல் சுகாதாரம் படித்துவிட்டால் தனியறையில் தானே நின்று பல் சுத்தம் செய்யலாம். விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். தபாலகம் ஆறு மணிக்குப் பூட்டும். பல் சுகாதார நிபுணர் ஒருவரோடு இரண்டு நாள் நின்று வேலை பார்த்ததாக அவரே எழுதிக் கொடுக்கும் படிவம் இல்லாவிட்டால், விண்ணப்பத்தை யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்த ஃப்ராவ் பியெரியோ இன்று காலை கனரித் தீவுக்குப் பறந்துவிட்டார். நிலையமும் பனி விளையாட்டு விடுமுறைக்காக ஒரு வாரம் பூட்டு.

3.20. கஜலக்சுமி வந்தார். யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டு வரும் வழக்கம் அவருக்கு இல்லை.

முதலாம் மாடிக்காரி. பொலிஸ் நிலையத்தில் பதினொரு வருடமாகத் துப்புரவு வேலை. ஆகவே தானும் அரைப் பொலிஸ் என்ற எண்ணம். அங்கே கோப்பி மெஷினுக்கு மேல் கிடந்த ஓர் அறிக்கையில் எழுத்தெல்லாம் மாயமானபோது, இவருடைய துடைக்கும் துணியைத்தான் முதலில் சந்தேகித்தார்கள். அந்தக் கதையை மட்டும் அவர் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

குளிர் ஜக்கெற்றைக் கழற்றி, வீட்டு நடைவழியில் விரித்தபடி நின்ற அயன் மேசையில் போட்டார். அந்த மேசையை மடித்து வைத்ததை யாரும் கண்டதில்லை. ஜெனனியின் தகப்பன் குகநாதன் ஹோட்டல் சலவைப் பகுதியில் பதினெட்டு வருடமாகத் துணி அழுத்துபவர். வீட்டிலும் கை சும்மா இராது.

“எழுத்தோட கடைசியா ஆர் பார்த்தது?”

“நான்தான் அன்ரி. நேற்று ஆறு மணிக்குப் பையில இருந்து எடுத்து இந்த ஃபைலுக்கை வைச்சனான்.”

“பையுக்கை எப்பிடிக் கிடந்தது?”

“நாலா மடிச்சு.”

“மீன் சுத்தின பேப்பர் மாதிரிக் கொண்டந்திருக்கிறாள் எண்டு தேப்பனும் புறுபுறுத்தவர்,” என்றாள் கோசலா, மூக்கைச் சிந்தியபடி.

“பிறகு ஆர் வந்தது?”

“வேற ஆர்? ஜெயகௌரி! ஏழு மணிக்கு வந்து மூண்டு ரோல்ஸ் திண்டவள். நான் அடுப்படிக்கை போன நேரம் ஃபைலைத் திறந்தவள். இவளோடதான் வேலை, அதே பள்ளிக்குத்தான் அவளும் விண்ணப்பம் போடுறாள். முத்திரை கிடக்கிற மேசை லாச்சியும் அவளின்ர கையிலதான். வெறும் படிவத்துக்குக் குத்திக் கொண்டந்து மாத்திப்போட்டாள்!”

“நீ என்ன நினைக்கிறாய் பிள்ளை?”

“தெரியாது,” என்றாள் ஜெனனி. ரயில் நேரம் கேட்டவருக்குச் சொல்வதுபோல் இருந்தது.

3.35. எதிர்க் கட்டடத்திலிருந்து ஜெயகௌரியை வரவழைத்தாயிற்று.

“திறந்து பார்த்தனான், ஓம். எனக்கு எழுதினதைத்தானோ இவளுக்கும் எழுதினவ எண்டு பார்த்தனான்.”

“அப்ப எழுத்து இருந்ததோ?”

“இருந்தது. எனக்கு எழுதினதைவிட ஒரு வரி கூட.”

“எந்தப் பேனையால எழுதினவ?”

“எனக்குத் தன்ர பேனையால. இவளுக்கு, அப்பொயின்ற்மென்ற் புத்தகத்தோட கிடக்கிற பேனையால. பின்பக்கம் ரப்பர் உள்ளது, அழிச்சு அழிச்சு எழுதுறது.” பிறகு கோசலாவைப் பார்த்தாள். “மூண்டு ரோல்ஸ் இல்லை அன்ரி, ரெண்டு. கள்ளி எண்டுறதெண்டால் கணக்காச் சொல்லுங்கோ.”

குகநாதன் பல்கனிக் கதவோரம் ஆறிப்போன தேத்தண்ணியோடு இருந்தார். இவ்வளவு நேரமும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

“நீங்கள் ஏதும் கண்டனீங்களோ அண்ணை?”

“நான் ஒண்டும் காணேல்லை.”

3.50. கஜலக்சுமி படிவத்தை முகர்ந்து பார்த்தார். கீழ் மூலையில் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு. ஸ்ட்ரோபெரி வாசம்.

“பிள்ளையளின்ர பல்லு மினுக்கிற பசை,” என்றாள் ஜெனனி. “எழுதேக்கை ஃப்ராவ் பியெரியின்ர கையில இருந்து பட்டது. நேற்று மணந்து சிரிச்சனாங்கள்.”

கஜலக்சுமி படிவத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு போய்த் தன் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வந்தார். போகப் போகிறார் என்று கோசலா நினைத்தாள். அப்படி நல்ல காலம் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை.

4.05.

“கோசலா, இது மாத்தின கடதாசி இல்லை. நேற்றைய பொட்டு இதிலை கிடக்கு. அப்ப நேற்றைய மடிப்பு எங்கை?”

எல்லோரும் காணாமல் போன எழுத்தைத் தேடினார்கள். காணாமல் போன மடிப்பை யாரும் தேடவில்லை.

“நாலா மடிச்ச கடதாசி இப்ப கண்ணாடி மாதிரிக் கிடக்கு. மடிப்பு தானாப் போகாது. அதைப் போக்கிற மேசைக்கு மேலதான் என்ரை ஜக்கெற் கிடந்தது. அந்தப் பேனை மை சூடு பட்டால் மறைஞ்சு போயிடும். கோப்பி மெஷினிலை எனக்கு அதுதான் நடந்தது.” ஜக்கெற்றை மடியில் வைத்தார். “இந்த வீட்டில அயன்பொக்ஸைத் தொடுறது ஓராள்தானே, குகன் அண்ணை?”

குகநாதன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ராத்திரி எட்டரைக்கு,” என்றார். “ரெண்டு துவாய்க்கு நடுவில வைச்சுத்தான் தேய்ச்சனான். கசங்கின கடதாசியைக் குடுத்தால் பிள்ளையை மதிப்பினமோ? எடுத்துப் பார்த்தன். ஒண்டும் இல்லை.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“வாய் வரேல்லை.”

“இந்தப் பிள்ளையைக் கள்ளி எண்டேக்கையாவது?”

அவர் தன் கைகளைப் பார்த்தார். “என்ரை அகதிக் கேஸிலை ஒரு கடதாசி இல்லை எண்டு நாலு வருஷம் இருத்தி வைச்சவங்கள். இப்ப என்ரை பிள்ளையின்ர கடதாசியை நானே…”

“பரவாயில்லை அப்பா,” என்றாள் ஜெனனி. ஊசி போட முன் நோயாளிகளுக்குச் சொல்லும் குரல் அது.

“பரவாயில்லையோ? ஐஸ் பெட்டியைத் திற!” என்றார் கஜலக்சுமி. “அண்டைக்கு அந்தப் பொலிஸ்காரன் அறிக்கையைக் கொண்டுபோய்க் குளிருக்கை வைச்சவன். எழுத்து வந்தது. என்னட்டை மன்னிப்புத்தான் வரேல்லை.”

4.15. பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட படிவம், கணவாய்ப் பொதிக்கும் முருங்கையிலைப் பொதிக்கும் நடுவே உள்ளே போனது. ஐந்து பேரும் ஐஸ் பெட்டிக் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

4.50. எடுத்தார்கள். கொஞ்சம் வெளிறியிருந்தது. ஆனால் ஐந்து வரிகளும் இருந்தன, கையெழுத்தும் இருந்தது.

“ஒரு வரி கூடத்தான்,” என்றாள் ஜெயகௌரி.

கோசலா ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் போட்டு அவள் கையில் திணித்தாள். மன்னிப்பு என்ற சொல் இங்கும் வரவில்லை. ஜெயகௌரி பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனாள்.

5.05. உறையைத் தானே கொண்டுவருவதாகக் குகநாதன் சொன்னார். பஸ்ஸில் ஹீற்றர் போட்டிருப்பார்கள் என்று ஏற மறுத்தார். உடம்புச் சூடும் படக்கூடாதென்று கையை முன்னால் நீட்டி, இரண்டு விரலால் உறையைப் பிடித்தபடி ஜெனனியோடு நடந்தார்.

“அறுபது பாகை வேணும் அண்ணை, சும்மா சூட்டுக்குப் போகாது,” என்று கஜலக்சுமி பின்னால் சத்தமிட்டார். இதற்கும் அவரை யாரும் கூப்பிடவில்லைதான்.

குகநாதன் கேட்கவில்லை. வெளியே குளிர் மைனஸ் மூன்று. ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

5.28. தபாலகப் பெண் உறையை வாங்கித் திகதி முத்திரை குத்தி, பின்னால் இருந்த பெட்டிக்குள் போட்டாள்.

குகநாதனின் கை நீட்டியபடியே நின்றது. பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். ஜெனனிதான் அந்தக் கையைப் பிடித்து, முழங்கையில் மடித்து, மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.