கல்லை விட்ட பாசி

“எங்கட குசினி வாளிக்குள்ள கிடந்த பாசி ஒரே இரவில ஏழு முழம் வளர்ந்து, தானே பைப்பில ஏறித் தண்ணி குடிச்சிருக்கு,” என்றாள் சிவமணி.

கணவர் சிறிதரன் ஹாலில் கதிரையிலிருந்து திரும்பவேயில்லை. பழைய கிரிக்கெட் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. “போன கிழமை ரோவில் பக்கம் தேங்காயளவு ஆலங்கட்டி பெஞ்சதெண்டனீர். போய்க் கூழைக் காய்ச்சும்.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முப்பது வருடமாக அவள் எதையும் உள்ளபடி சொன்னதில்லை. ஆனால் இன்று வாளியில் கல் மட்டும்தான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை. மீன் மச்சம் சேர்க்காத நாளிலும் கூழுக்குக் கடல்வாசம் வேண்டும் என்று ஞாயிறன்று ஃபிளிண்டர்ஸ் பாறைக்கரையில் அவள் கெல்ப் எடுத்து வந்திருந்தாள். யப்பான்காரர் சூப்பில் போடுகிற அதே பழுப்புக் கடற்பாசி. இலைத்தாளை மட்டும் வெட்டியிருக்கலாம். கீரையை வேரோடு தண்ணீரில் வைத்தால் வாடாது என்ற பழக்கதோஷத்தில், அது பற்றியிருந்த கல்லோடு சேர்த்தே பிடுங்கி வந்து, உப்பைக் கரைத்த வாளியில் விட்டிருந்தாள்.

முதியோர் இல்லத்து லாண்டரியில் இரண்டு ஷிஃப்டு நின்று வந்த கால்கள். மாலை ஐந்தரைக்கே மெல்பேர்ன் குளிர்காலம் யன்னலை இருட்டாக்கியிருக்க, ஹீட்டரின் தூசு மணத்துக்குள் ஈரப்பாறையின் மணம் மெல்ல ஏறிவர, எங்கோ தகரத்தில் ஈரத்துணியை இழுப்பதுபோல ஒரு சத்தம் நின்று, கேட்டு, மறுபடி நகர்வதை அவள் குசினிக்குத் திரும்பி, களைப்போடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

லைட்டைப் போட்டாள்.

மூலையில் சாத்தியிருந்த விளக்குமாறு பழுப்பு நாடாக்களுக்குள் இருந்தது. அரிசி மூட்டையும். சுவரில் இரண்டு கடிகாரங்கள். பற்றரி தீர்ந்து நின்றுபோனதை விரல் விரலான வேர்கள் இறுகப் பொத்தியிருந்தன. ஓடுகிற கடிகாரத்தை அவை தொடவேயில்லை.

அவளுக்கு விளங்கியது. அசையாதது எல்லாம் அதற்குக் கல்.

“இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! நடவுங்கோ!”

“இந்த ஓவர் முடியட்டும்.”

“ஓவரும் மண்ணும்! அசையாமல் இருந்தால் பிடிக்கும்!”

“பென்ஷன் எடுத்த நாள் தொடக்கம் அசையாமல்தான் இருக்கிறன். ஒண்டும் பிடிக்கேல்லையே.”

கத்தியை எடுத்து வெட்டினாள். வழுக்கியது. மறுபடி வெட்டினாள். தாள் விலகி, வெட்டுவாய் மூடிக்கொண்டது. கால்களை மாற்றி மாற்றி வைத்தாள். இடம், வலம். விடியற்காலை தொடக்கம் நின்ற முழங்கால்கள் கெஞ்சின. இடம். வலம். ஒரு நிமிடம் உட்கார்ந்து இருந்தால் போதும். ஒரே ஒரு நிமிடம். இல்லை. இருக்கக் கூடாது.

இழுபடும் சத்தம் குசினியில் இல்லை.

ஹாலில்.

நடந்தாள். ஹால் வாசலில் மூச்சு வாங்கியது. கதவு நிலையில் கையை ஊன்றி, காது கொடுத்தாள்.

வீடியோ முடிந்து திரை நீலமாகியிருந்தது. டேப்பைத் திருப்ப அவர் எழும்பவில்லை. அந்த நீல வெளிச்சத்தில் கதிரைக்குக் கால்கள் இல்லை. ஈரமான பழுப்புத் தாள்கள் தரையிலிருந்து எழுந்து, மடியைக் கடந்து, ரிமோட் பிடித்த கையை மூடி, கழுத்தடியில் மெதுவாக மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கின.

அவரிடம் ஓட வேண்டும்.

ஓடினாள். உடல் மட்டும் முன்னே போனது. நிலையில் ஊன்றிய கை வரவில்லை. குளிர்ந்த விரல்கள் ஐந்தல்ல, ஐம்பது, அவளுடைய விரல்களின் இடுக்குகளில் இறங்கிக்கொண்டிருந்தன.

“சிவமணி.” அவர் குரலில் பயம்கூட இல்லை. களைப்புத்தான். “ஏழு முழமெண்டெல்லே சொன்னனீர்?”

“ஓம்.”

“உண்மைதான். நீர் குறைச்சுத்தான் சொல்லியிருக்கிறீர்.”