ஓர் ஆள் குறைகிறது

பஸ்ஸில் ஓர் ஆள் குறைந்தது.

வழிகாட்டிப் பெண் நிஷினோ மஞ்சள் கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, முன்னாலிருந்து பின்னால்வரை தலைகளை எண்ணினாள். மறுபடி பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். பிறகு இடுப்பை வளைத்து, "மன்னிச்சுக்குங்க. ஒருத்தர் மட்டும் இன்னும் வரல. கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்றாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹருயேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் அந்த மகாராணி? ஒரு பஸ் ஜனம் மொத்தமும் காத்துக் கிடக்க, அங்கே நின்று சிவந்த இலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாளாக்கும். இந்த அவமானத்துக்குப் பயந்துதானே ஹருயே வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டு, ஈர இலைகள் வழுக்கும் படிகளில் மூச்சிரைக்க ஓடி வந்தாள்?

காலையிலிருந்தே கோபம்தான். கியோட்டோ மலையடிவாரத்தில் கோயில் கோயிலாக இறங்கி ஏறியபோதெல்லாம் அது அவளோடு இறங்கி ஏறியது. ஊதுவத்திப் புகையிலும், நனைந்த மேப்பிள் இலைகளின் புளித்த வாசனையிலும், பஸ் ஹீட்டரின் சூட்டில் காயும் ஆரஞ்சுத் தோல் நெடியிலும் அவளுக்கு ஒரே ஒரு குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டில், கொதிக்கும் டோஃபு சட்டியைச் சுற்றி முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்க, அவள் கணவன் இவாவோ சத்தமாகச் சொன்ன வார்த்தைகள்.

"பொண்ணுக்குப் பிரசவமாம், இவ போயி அங்க உக்காந்துக்குவாளாம். நீ போயிட்டா எனக்கு யாருடி சோறு ஆக்கறது? ஊர் உலகத்துல பொம்பளைங்க பெத்துக்கறதே இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹருயேவும் சிரித்தாள். சிரித்த வாய்க்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரே மகள் சிஹோ. முதல் பிரசவம். இன்றோ நாளையோ என்றிருக்கிறது. அந்தக் குழந்தையைக் கையில் வாங்குவதைத் தவிர ஹருயேவுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

அதனால்தான் கடைசிக் கோயிலில் அந்தக் கல்லிடம் போனாள். பந்தம் அறுக்கும் கல். ஆள் உயரம், நடுவில் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு துளை. மேலெல்லாம் வேண்டுதல் எழுதிய வெள்ளைக் காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கல்லே தெரியாமல், மழையில் நனைந்த ஒரு பிராணிபோல உட்கார்ந்திருந்தது.

நிஷினோ அங்கேயே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "முன்பக்கமா நுழைஞ்சா கெட்ட பந்தம் அறும். பின்பக்கமா திரும்பி நுழைஞ்சு வந்தாத்தான் நல்ல பந்தம் ஒட்டும். பாதியில நின்னுடாதீங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது!"

'இந்த மனுஷனிடமிருந்து என்னை வெட்டிவிடு.' பேனா காகிதத்தைக் கிழிக்கும்படி எழுதி ஒட்டினாள். முழங்காலிட்டு நுழைந்தாள். உள்ளே ஈர மண் வாசனை. காதில் பஞ்சு அடைத்ததுபோல ஓர் அமைதி. மறுபக்கம் வெளியே வந்து எழுந்து நின்றால், கீழே மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. நேரமாகிவிட்டது. திரும்ப நுழைய வேண்டும். ஆனால் எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கல்லைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

ஓடி வந்தவளுக்கு இவாவோ காலைக்கூட மடக்கி வழிவிடவில்லை. கோபம் வந்தால் வாரக்கணக்கில் அவளை மேஜை நாற்காலிபோலப் பார்க்கிறவர்தான். அவள் அவர் முழங்காலைத் தாண்டித்தான் ஜன்னலோரம் போய் விழுந்தாள்.

நிஷினோ அவர்கள் வரிசையில் வந்து நின்றாள். "ஐயா, வீட்டம்மாவை எங்க விட்டீங்க?"

"அந்தக் கல்லுகிட்டதான் நின்னுட்டிருந்தா. எப்பவும் இப்படித்தான். ஆமைக்கு வாக்கப்பட்டிருக்க வேண்டியவ."

முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஹருயேவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இங்கதானே உக்காந்திருக்கேன்! என்ன விளையாட்டு இது? நாலு பேர் முன்னால என்னை இன்னும் எவ்வளவு கேவலப்படுத்தணும் உங்களுக்கு?"

வாழ்நாளில் அவள் இப்படிக் கத்தியதில்லை. யாரும் திரும்பவில்லை. அதுவும் மரியாதைதான். அடுத்தவர் வீட்டுச் சண்டையைப் பார்க்கக் கூடாது. ஊதாத் தொப்பி அம்மாள் ஒருத்தி அவளை நேராகப் பார்த்தபடியே கொட்டாவி விட்டாள்.

ஹருயே கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கோட்டுத் துணி கசங்கவில்லை.

மறுபடி பிடித்தாள். இழுத்தாள். ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"அதோ, வந்துட்டாங்க!" என்றாள் நிஷினோ.

வாசற்படியில் காலடிச் சத்தம். நிதானமாக. ஈரமாக. முதலில் ஒரு கை தெரிந்தது. நகக் கண்களில் கறுப்பு மண். பிறகு அரக்கு நிறக் கோட்டு. ஹருயேவின் கோட்டு. இப்போது அவள் போட்டுக்கொண்டிருக்கும் அதே கோட்டு. முழங்காலில் சேறு. தலைமுடியில் ஒட்டிய ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு.

"எல்லாரையும் காக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவள் குரல். அவள் வணக்கம். கழுத்தைச் சற்று இடது பக்கம் சாய்க்கிற அதே பழக்கம்.

"பரவால்லம்மா, பரவால்ல" என்றது பஸ்.

அவள் திரும்பி வராத வழியில் எதுவோ வந்திருக்கிறது.

இவாவோ எழுந்து நின்றார். ஹருயேவுக்காக ஒருநாளும் எழுந்திராத மனிதர், எழுந்து வழிவிட்டார். "குளிருதா? கை ஜில்லுன்னு இருக்கே. உள்ள போய் உக்காரு."

"வேண்டாம்! இங்க நான் இருக்கேன்!"

அது உட்கார்ந்தது. அவள் மடிமேல். அவள் நெஞ்சுக்குள். கல்லின் கனம். மண்ணின் குளிர். ஹருயே பின்னுக்கு நகர்ந்தாள், நகர்ந்தாள், ஜன்னல் கண்ணாடி முதுகில் இடித்தது. இடித்து, விட்டுக்கொடுத்தது.

பஸ் கிளம்பியது.

வெளியே இருட்டிவிட்டிருந்தது. சிவந்த மரங்கள் கண்ணாடியில் அவள் உடம்பின் வழியாக ஓடின. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஒருத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஹருயேவின் விரல்களும் அசைந்தன. அவள் அசைக்கவில்லை. அந்தக் கைகள் உரித்தபோது இந்தக் கைகளும் உரித்தன. வெறும் காற்றை.

போன் அதிர்ந்தது.

"அம்மா!" சிஹோவின் குரல் கண்ணாடிவரை கேட்டது. "வலி எடுத்துடுச்சும்மா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். நீ வருவியா? அப்பா விடுவாரா?"

"இதோ வந்துட்டே இருக்கேன், கண்ணு."

இவாவோ சுளையை மென்றுகொண்டே சொன்னார். "போயிட்டு வா. எத்தனை நாள் வேணும்னாலும் இரு. சோத்துக்கு நான் பாத்துக்கறேன்."

ஹருயே கத்தப் போனாள். கத்த வாய் திறக்கவில்லை. அந்த வாய் மூடியிருந்தது.

"கொழந்தையை முதல்ல என் கையிலதான் குடுக்கணும்" என்றது அது போனில். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, அவளை நேராகப் பார்த்துச் சிரித்தது. பல்லிடுக்கில் மண்.

ஹருயேவின் உதடுகளும் விரிந்தன. அழகாக. காதுவரை.

முன்னாலிருந்து நிஷினோவின் குரல் வந்தது. "போய்ச் சேர நேரமாகும். எல்லாரும் கொஞ்சம் தூங்குங்க."

அது கை நீட்டி ஜன்னல் திரையைப் பிடித்தது. ஹருயேவின் கையும் உயர்ந்தது. மகளின் பிள்ளையை வாங்க வைத்திருந்த கை. அந்தக் கையே திரையை இழுத்து, மெல்ல, அவள் முகத்தின்மேல் மூடியது.