குழி எண் நாற்பத்தேழு, உடல் ஒன்று

மாமியார் இறந்த மறுநாள், லீமா வழக்கம்போல ஒன்பதரை மணிக்கெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து அலுவலக அறையைத் திறந்தாள். வேறு வழியில்லை. அடக்கப் பதிவேடு எழுதுகிறவள் அவள்தான். அவள் வந்து எழுதினால்தான் மாமியாருக்கே குழி கிடைக்கும்.

வழியில் பார்த்தவர்கள் சொல்ல நினைத்ததை முகத்தில் காட்டிவிட்டுப் போனார்கள். செத்த வீட்டு மருமகள், சேலையை மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு, கையில் சாவிக்கொத்தோடு போகிறாள் பார் என்று. லீமாவுக்கும் அழத்தான் ஆசை. வரவில்லை. எட்டு வருஷமாகவே வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மணவாளக்குறிச்சி தாண்டி மேற்கே கடலை ஒட்டிப் போகும் சாலையில் இருக்கிறது அந்தத் தோட்டம். பேரூராட்சிக்குச் சொந்தமானது. யார் வேண்டுமானாலும் அடக்கம் செய்யலாம், விதிப்படி வந்தால். தரையெல்லாம் கருமணல். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல். விதிகளை வாசலில் தகரப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். உடல் இல்லாமல் குழி ஒதுக்கப்படாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. ஏழு ஆண்டு ஆகாமல் குழியைத் திறக்கக் கூடாது. திறக்கும்போது கிடைக்கும் எலும்பை, குடும்பத்தில் ஒருவர் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட பிறகே பொது எலும்புக் குழியில் சேர்க்க வேண்டும்.

கடைசி விதி அதிகாரிகள் போட்டதல்ல. ஊர் வழக்கம் அது. குழி ஓரத்தில் நின்று, "இது எனக்க அப்பன் ஞானையன்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்தால் எலும்புக்குத் தான் யாரென்று மறந்துபோகும் என்று பழைய ஆட்கள் பிடிவாதம் பிடித்து, பலகையிலும் ஏற்றிவிட்டார்கள்.

முதல் விதியைத்தான் லீமா மீறியிருந்தாள்.

ஒக்கிப் புயலில் அவள் கணவன் டெனிஷ் போனான். வள்ளம் வந்தது, ஆள் வரவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு, அவர்கள் உடுத்த துணியைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வார்கள் கடற்கரைக்காரர்கள். ஆனால் துணிக்குக் குழி கொடுக்க விதியில் இடமில்லை. பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு லீமா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உடுப்பு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தாள். எழுதியது வேறு. குழி எண் 47. உடல் ஒன்று. பெயர் டெனிஷ்.

அந்தப் பெட்டியில் இருந்தது ஒரு நீலக் கட்டம்போட்ட சட்டை, ஒரு கைலி, ஒரு ஜெபமாலை. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கையால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊருக்கே தெரியும். தெரியாதது பதிவேட்டுக்கு மட்டும்தான்.

மாமியார் விக்டோரியா அடக்கத்துக்கே வரவில்லை. வீட்டு வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "எனக்க மவனுக்கு நீ குழியில எடம் போட்டுட்டே. போட்ட எடம் சும்மா கெடக்காது, கேட்டியா. ஆராவது வந்து கெடப்பான்."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் மகனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி வைப்பாள். சாயந்தரம் அதை அவளே தின்பாள். எட்டு வருஷம். நேற்று மூடிய தட்டுக்குப் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தாள்.

அவளைப் புதைக்க அந்த ஒரு குழிதான் உண்டு.

பதினொரு மணி வாக்கில் தங்கையன் வெளியே நின்று கூப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் டெனிஷோடு கடலுக்குப் போனவர், இப்போது இங்கே குழி வெட்டுகிறார்.

"மக்கா, ஒண்ணு இஞ்ச வந்து பாரு."

"பெட்டி பொடிஞ்சு போச்சா அண்ணா?"

"பொடியேல்ல. அதாக்கும் விளிச்சேன்."

இந்த மணலில் நாலு வருஷத்துக்கு மேல் எந்தப் பலகையும் தாங்காது. லீமா குடையை எடுத்துக்கொண்டு போனாள். வெயில் உச்சியில் நின்றது. குழி முட்டளவு, இடுப்பளவு என்று காய்ந்த மணலாகவே இறங்கி, அடியில் பெட்டி தெரிந்தது. முழுசாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. சுற்றியுள்ள மணலில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"கயிறு போட்டுத் தூக்கிப் பாத்தேன். கனக்குவு" என்றார் தங்கையன்.

"மணலு கேறியிருக்கும்."

"மணலுன்னா கெடந்த எடத்துல கெடக்கும் மக்கா." அவர் குரலைத் தாழ்த்தினார். "இது நான் சரிக்கும்போ உள்ள உருளுவு."

லீமா குடையை மடக்கி மணலில் வைத்தாள். "தொறங்க" என்றாள்.

மூடி சுலபமாக வந்தது. வலை காயவைத்த இடத்தில் வருமே, அந்த உப்பும் பாசியும் கலந்த வாடை முதலில் வந்தது. அப்புறம் சட்டை தெரிந்தது. நீலக் கட்டம். மடித்து, மேலே ஜெபமாலையை வைத்துப் புதைத்த சட்டை. லீமாவே மடித்தது.

இப்போது அதற்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது.

சட்டைக்குள் ஆள் இருந்தது. எலும்புதான். ஆனாலும் ஆள். கைலி இடுப்பில் ஒழுங்காகக் கட்டியிருந்தது. தூக்கத்தில் புரண்டு படுத்தவனைப்போல ஒருக்களித்துக் கிடந்தது.

தங்கையன் சிலுவை போட்டுக்கொண்டார். லீமா குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலது கையைப் பார்த்தாள். அவளுக்குப் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தியே வலையிழுக்கும் கயிற்றில் சிக்கி, டெனிஷின் வலது சுண்டுவிரல் அடியோடு போயிருந்தது. கூட்டாளிகள் அவனை நாலுவிரலன் என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே அவனைப் பறிகொடுத்த மகள் ஜினிஷாவுக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்தது அது மட்டும்தான். யாராவது கேட்டால், சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு கையைக் காட்டுவாள்.

லீமா எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

ஐந்து.

"ஆரு மக்கா இது?" தங்கையன் கிசுகிசுத்தார். "டெனிசுக்க கை எனக்குத் தெரியாதா? ஒரே வள்ளத்துல போனவனாக்கும். இது அவன் இல்ல."

"தெரியும்."

"அப்பம் பேரு சொல்லாதே. மூடிருவோம். போலீசுக்குச் சொல்லுவோம்."

அவர் சொன்னது நியாயம்தான். போலீஸ் வரும். கயிறு கட்டும். எட்டு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டும். மாமியார் ஐஸ் பெட்டியில் கிடப்பாள், இன்றைக்கு, நாளைக்கு, எத்தனை நாளோ. இன்னொரு குழிக்கு விதியில்லை. இதெல்லாம் லீமாவின் மனதில் ஓடத்தான் செய்தது. ஆனால் அவளைப் பேசவைத்தது இவை எதுவுமில்லை. காத்திருந்து காத்திருந்து அவளுக்கு அலுத்துவிட்டது. கடலில் இருக்கிறானா, எந்தக் கரையிலாவது இருக்கிறானா என்று இனி ஒரு ராத்திரி யோசிக்க அவளிடம் தெம்பில்லை. முடிந்தால் போதும்.

"ஆரா இருந்தா என்னா அண்ணா" என்றாள்.

"ஏட்டி, வேண்டாம்."

அவள் எழுந்து நின்று, விதிப்படி உரக்கவே சொன்னாள். "இது எனக்க மாப்பிள டெனிஷ். நான் ஏத்துக்கிட்டேன்."

மதிலுக்கு அப்பால் அலை நின்றது.

ஒரே ஒரு அலை விழும் நேரம்தான். பிறகு பழையபடி இரைந்தது.

தங்கையன் அதன்பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, சட்டையும் கைலியுமாக எலும்பை வாரிச் சாக்கில் போட்டார். அதைத் தோளில் ஏற்ற இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை ஏற்றினார். தோட்டத்து மூலையில் இருக்கும் எலும்புக் குழிக்கு நூறடி இருக்கும். பாதி தூரம் போனதும் நின்றார்.

"மக்கா."

"என்னா?"

"கனம் இல்ல."

எலும்புக் குழியின் மூடியைத் தள்ளிவிட்டுச் சாக்கைக் கவிழ்த்தார்கள். சட்டை விழுந்தது. பின்னாலேயே கைலி விழுந்தது. ஒரு பிடி ஈர மணல் விழுந்தது. தங்கையன் சாக்கை உதறினார். மறுபடி உதறினார்.

வேறொன்றும் விழவில்லை.

"நான் ஒண்ணும் பாக்கேல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

லீமா அறைக்கு வந்து பதிவேட்டைப் பிரித்தாள். நாற்பத்தேழுக்கு நேரே, குழி திறக்கப்பட்டது, எலும்பு ஏற்கப்பட்டது என்று எழுதினாள். ஏற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

நாலு மணிக்கு அடக்கம் ஒழுங்காக நடந்தது. நல்ல கூட்டம். விக்டோரியாவின் பெட்டி அந்தக் குழியில் அளவெடுத்தாற்போல இறங்கியது. ஆளுக்கு ஒரு பிடி மணல் போட்டார்கள். லீமாவும் போட்டாள். யாரோ அவள் தோளைத் தட்டி, "இனியாவது அழுதிரு பிள்ளே" என்றார்கள். அவள் கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள்.

ஜினிஷாவுக்குக் காய்ச்சல். அதனால் அவளை வீட்டிலேயே படுக்கவைத்து, பக்கத்து வீட்டு ராகேலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஐந்தரைக்கு லீமா வீட்டுக்குத் திரும்பியபோது ராகேல் தன் வீட்டு நடையில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கஞ்சி கொண்டாந்து மூடி வச்சேன். பிள்ள எழும்பிட்டு. நான் காப்பி போட்டுட்டு வாறேன், நீ போ" என்றாள்.

மேற்கு வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. ஊரே வெளிச்சமாக இருந்தது. லீமா காலைக் கழுவிக்கொண்டு படியேறினாள்.

வாடை நடையிலேயே வந்துவிட்டது.

உப்பு. பாசி. நனைந்த பலகை.

உள்ளே, மாமியார் வழக்கமாக வைக்கும் இடத்தில் தட்டு இருந்தது. மூடியிருக்க வேண்டிய தட்டு கழற்றிப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. கஞ்சி தீர்ந்திருந்தது. தட்டின் அடியில் கொஞ்சம் கருமணல் தங்கியிருந்தது. தட்டிலிருந்து பின்கதவுவரை சிமெண்டுத் தரை நனைந்திருந்தது.

ஜினிஷா சுவரில் சாய்ந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை. வலது கையை முகத்துக்கு நேரே பிடித்து, சுண்டுவிரலை மடக்கினாள், நிமிர்த்தினாள், மறுபடி மடக்கினாள்.

"மக்கா, இந்தக் கஞ்சிய ஆரு குடிச்சா?"

பிள்ளை பின்கதவைக் கைகாட்டினாள். அங்கே யாரோ வாளியில் தண்ணீர் கோரிக் கை கழுவும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், சொந்த வீட்டில் கழுவுகிறவர்கள் மாதிரி.

சத்தம் நின்றது. வாளியைத் தரையில் வைத்தார்கள்.

ஜினிஷா மடக்கிய சுண்டுவிரலை நிமிர்த்தி அம்மாவிடம் காட்டினாள்.

"நீ பொய்யாக்கும் சொல்லியிருக்கே. நான் எண்ணிப் பாத்தேன். அப்பாக்கு அஞ்சு வெரலும் உண்டு."